அமோக் என்று எழுதினார்கள்

மட்டாஞ்சேரிக்கு வந்து இறங்கிய அன்று என் தகரப் பெட்டியை நானே தூக்கினேன். அது தப்பு என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. எழுபத்து நாலாம் வருஷம், கல்யாணமான புதிது. கைவண்டியிலிருந்து பெட்டியை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். தலையில் துண்டு கட்டிய ஓர் ஆள் குறுக்கே வந்து நின்றார். "அவிடெ வெய்க்கு சேச்சி. அது ஞங்ஙடெ பணியா" என்றார். அது எங்கள் வேலை என்கிறார் என்று புரிந்தது; பொம்பளை சுமக்கிறாளே என்று இரக்கப்படுகிறார் என நினைத்து, "பரவால்லண்ணே, கனமே இல்ல, நானே தூக்கிருவேன்" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பின்னால் வந்த என் வீட்டுக்காரர் முகம் வெளிறிப்போய், "கீழ வை, மொதல்ல கீழ வை" என்று பல்லைக் கடித்தார். வைத்தேன். அந்த ஆள் பெட்டியைத் தூக்கி வாசற்படியில் வைத்துவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போனார். என் பெட்டி, என் இடுப்பு, என் வாசல்; நடுவில் இவர் யார் என்று வந்த ஆத்திரத்தில் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. அவர் பெயர் மொய்து. இங்கே அண்ணனை இக்கா என்பார்கள்; தெருவுக்கே அவர் மொய்து இக்கா.

ஊரில் இருந்து இதைப் படிக்கிற நீங்கள் உடனே "அநியாயமா இருக்கே" என்பீர்கள். நானும் அப்படித்தான் கத்தினேன். இந்தப் பஜார் ரோட்டில் ஒவ்வொரு துண்டுத் தெருவும் சுமை தூக்குகிற ஒரு சுமட்டுக் கூட்டத்துக்குச் சொந்தம். அந்தத் தெருவில் இறங்குகிற மூட்டையை அவர்கள்தான் தொடவேண்டும். முதலாளி தன் சரக்கைத் தானே தூக்கினாலும் அது அவர்கள் சோற்றில் கை வைப்பதுதான். அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. அவர்களுடைய அப்பன்மார் காலத்தில் துறைமுக வேலைக்கான தகரச் சீட்டைக் கூட்டத்துக்கு நடுவில் வீசி எறிவார்களாம். அடித்து, மிதித்து, கடித்துப் பிடுங்கியவன் வீட்டில் அன்று அடுப்பு எரியும். அப்படி நாய்போல் அடித்துக்கொண்டது போதும் என்றுதான் சங்கம் வைத்து, தெருவைப் பிரித்து, இந்தக் கட்டுப்பாட்டை உண்டாக்கினார்கள். இதெல்லாம் எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று. புரிவதற்குள் ஒருவன் செத்துப்போனான்.

இப்போது எண்பத்தாறாம் வருஷம். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வெளியே இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை கொட்டுகிறது. இந்த மழை நம் ஊர் மழைபோல் சொல்லிவிட்டு வருவதில்லை. வெயில் அடித்துக்கொண்டே இருக்கும், திரும்பிப் பார்ப்பதற்குள் தெரு ஆறாகிவிடும். கீழே ஒரு லாரி தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டு நிற்கிறது. யாரும் பதறவில்லை. நம் விருதுநகரில் மிளகாய் வத்தல் லாரி நிற்கும்போது தூறல் விழுந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். "ஏலே, வத்தல் நனையுதுடா!" என்று ஒரு குரல் கேட்டால் போதும். பக்கத்துக் கடைக்காரன், டீ குடிக்கிறவன், சும்மா போகிறவன், அந்த முதலாளியோடு பேச்சுவார்த்தை இல்லாதவன்கூட ஓடிவந்து ஆளுக்கொரு மூட்டையைப் பிடிப்பான். யாரும் கூலி கேட்பதில்லை. கூப்பிட்டும் வராதவனை மனுஷனாகவே மதிப்பதில்லை.

எனக்கு டைப்பும் சுருக்கெழுத்தும் தெரியும் என்பதால் பஜார் ரோட்டிலேயே ஒரு வத்தல் மண்டியில் வேலை கிடைத்தது. முதலாளி நம் ஊர்க்காரர். அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். மாடியில் தெருவைப் பார்த்த ஜன்னலோரம் என் டைப்ரைட்டர். வெளிநாட்டுக்காரனுக்குக் கடிதம் அடிக்கும்போது தப்பு வரக்கூடாது என்று அண்ணாச்சி வாங்கிப் போட்ட தடித்த ஆங்கில அகராதி ஒன்றும் பக்கத்தில் கிடக்கும். விருதுநகரிலிருந்து செங்கோட்டை தாண்டி வருகிற லாரியில் மாரியப்பன் என்று ஒரு லோடுமேன் வருவான். அங்கே ஏற்றுவது மட்டும்தான் அவன் வேலை. இங்கே இறக்குவது மொய்து இக்கா கூட்டம். மாரியப்பன் மூட்டைமேல் உட்கார்ந்து பீடி குடிப்பான். என்னைக் கண்டால், "அக்கா, ஊருக்கு எதும் சொல்லணுமா?" என்பான். நான் கொடுக்கிற நேந்திரங்காய் வறுவலை என் அம்மாவிடம் ஒரு துண்டு குறையாமல் சேர்ப்பான். வாய் அதிகம் பேசாதவன்.

அது எழுபத்தெட்டாம் வருஷம். பாதி லோடு இறங்கியிருந்தது. சுமட்டுக்காரர்கள் சாப்பிடப் போனார்கள். தார்ப்பாய் அவிழ்த்துக் கிடந்தது. மழை வந்தது. அண்ணாச்சி இந்த ஊரில் நரைத்தவர், இங்குள்ள சட்டதிட்டம் எல்லாம் தெரிந்தவர். ஆனாலும் கண்முன்னால் சரக்கு நனைகிறபோது, தன்னை மறந்து, அடிவயிற்றிலிருந்து கத்தினார்: "ஏலே, வத்தல் நனையுதுடா!" ஊர்க் குரல், ஊர்ப் பதற்றம். மாரியப்பன் யோசிக்கவில்லை. லாரியில் ஏறி ஒரு மூட்டையை முதுகில் வாங்கி உள்ளே ஓடினான். திரும்பி வந்து இன்னொன்று. நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் முகத்தில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. இத்தனை நாள் சும்மா உட்கார்ந்திருந்த கைக்கு வேலை கிடைத்த சந்தோஷம். அதற்குள் மொய்து இக்கா, அவர் கூட்டத்து அந்தோணி, இன்னொருவன், மூன்று பேரும் நனைந்துகொண்டே ஓடிவந்தார்கள். "தொடல்லே! தொடல்லேடா!" என்று கூச்சல். மாரியப்பன் அவர்களும் உதவிக்குத்தான் ஓடிவருகிறார்கள் என்று நினைத்திருக்கவேண்டும். "வாங்க வாங்க, சீக்கிரம் புடிங்க" என்றான்.

அந்தோணி அவனை மூட்டையோடு சேர்த்துக் கீழே தள்ளினான். மூட்டை வெடித்து வத்தல் சிதறியது. நான் கீழே ஓடி வருவதற்குள் மண்டிக்குள் போட்டு மிதித்துக்கொண்டிருந்தார்கள். வயிற்றில், முதுகில், வாயில். அடித்தது போதாது என்று, அந்தோணி இரண்டு கை நிறைய வத்தலை அள்ளிக் கசக்கி, மொய்து இக்கா அவன் தலைமயிரைப் பிடித்து நிமிர்த்த, கண்ணிலே வைத்துத் தேய்த்தான். மூன்றாமவன் கால்மேல் உட்கார்ந்திருந்தான். மாரியப்பன் போட்ட கூப்பாடு இருக்கிறதே, அடிவாங்குகிற மனுஷன் போடுகிற சத்தம் இல்லை அது. கழுத்து பாதி அறுபட்ட ஆடு போடுகிற சத்தம். "ஐயோ, விடுங்கடா பாவிகளா" என்று நான் போட்ட சத்தத்தை யாரும் சட்டை செய்யவில்லை. தேய்த்து முடித்துவிட்டு மூன்று பேரும் வெளியே போய் லாரி ஓரமாக நின்று சிரித்தார்கள். அண்ணாச்சி கல்லாவைவிட்டு எழுந்திருக்கவே இல்லை.

மாரியப்பன் தடவித் தடவி எழுந்தான். ஒரு மூட்டையில், மூட்டை இழுக்கிற இரும்புக் கொக்கி குத்தி நின்றது. அது கைக்கு வந்தது. நான் வாசலில் நிற்கிறேன். அவனுக்கும் தெருவுக்கும் நடுவில். கண் இரண்டும் வீங்கி, ரத்தக் கட்டியாக, கொக்கியை ஓங்கியபடி நேராக என்னைப் பார்த்து வருகிறான். "மாரியப்பா!" என்றேன். நின்றான். கொக்கியைச் சற்றுத் தாழ்த்தி, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான்: "அக்கா, கொஞ்சம் தள்ளிக்குங்க."

தள்ளிக்கொண்டேன். அவன் சிரிப்புச் சத்தத்தைக் குறிவைத்துப் போனான். அந்தோணிக்குக் கொக்கி கழுத்தில் இறங்கியது. இழுத்து எடுத்தபோது பீய்ச்சிய ரத்தத்தை மழை சுவரிலிருந்து கழுவிக்கொண்டு போனதை நான் பார்த்தேன். மொய்து இக்காவுக்குத் தோளில். கொக்கி எலும்பில் மாட்டிக்கொள்ள, மாரியப்பன் காலை வைத்து உதைத்து அதைப் பிடுங்கினான். மூன்றாமவன் சந்துக்குள் ஓட, இவன் துரத்தினான். அந்தச் சந்தில் குடை ரிப்பேர்க்காரர் இருந்தார், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பள்ளிக்கூடம் விட்ட பெண்பிள்ளைகள் இருந்தார்கள், கைக்குழந்தைக்காரி ஒருத்தி சுவரோடு ஒட்டி நின்றாள். ஒருவர்மேலும் கொக்கி படவில்லை. மூன்றாமவன் காயலில் குதித்துவிட்டான். மாரியப்பன் திரும்பி வந்து மண்டிப் படியில் உட்கார்ந்து, கொக்கியைக் கீழே வைத்து, "கண்ணு கழுவத் தண்ணி குடுங்க" என்றான். நான் செம்பை எடுத்து வருவதற்குள் தெருவே திரண்டு வந்து அவன் விலா எலும்பை உடைத்தது. போலீஸ் வந்திராவிட்டால் அங்கேயே முடித்திருப்பார்கள். அந்தோணி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்தான்.

மறுநாள் ஆங்கிலப் பேப்பரில் சின்னச் செய்தி. ரத்தமேறிய கண்களோடு ஒரு தமிழ்த் தொழிலாளி மட்டாஞ்சேரியில் 'அமோக்' ஓடினான், ஒருவர் சாவு, ஒருவர் காயம் என்று. அமோக்! பி.ஏ. வரை படித்த எனக்கு அந்தச் சொல் அதுவரை கண்ணில் பட்டதில்லை. நம் ஊர்க் கடைப் பலகையில் 'அமோக விற்பனை' என்று எழுதுகிறோமே, அதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அகராதியைப் புரட்டினேன். மலாய்ச் சொல் என்று போட்டிருந்தது. கொலைவெறி பிடித்து, காரணம் இல்லாமல், எதிர்ப்பட்டவரையெல்லாம் வெட்டிக்கொண்டு ஓடுவது. காரணம் இல்லாமல்! எதிர்ப்பட்டவரையெல்லாம்! எனக்கு வந்த கோபத்தில் அகராதியைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிந்திருப்பேன். அதற்கும் தெருவில் இருக்கிறவர்கள் இறக்குகூலி கேட்பார்களே என்று வைத்துவிட்டேன்.

மாரியப்பனுக்காக ஊர்க்காரர்கள் சேர்ந்து வைத்த வக்கீல் பாலக்காட்டுத் தமிழர். சின்ன வயசு, கெட்டிக்காரர். அந்தச் சொல்லைப் பேப்பரில் பார்த்ததும் அவருக்கு ஒரே குஷி. "இதோ பாருங்கோ, அமோக்னு நமக்கு நல்ல வாக்கு கெடச்சிருக்கு. புத்தி போயிடுத்துன்னு காட்டினா கொலைக்குத்தம் நிக்காது ஆக்கும். கொஞ்ச காலம் பிராந்தாஸ்பத்திரியில இருப்பன், அப்பறம் ஆத்துக்குப் போயிடலாம். மனசிலாச்சா?" என்றார். பிராந்து என்றால் இங்கே பைத்தியம். அமோக் என்ற சொல்லின் வரலாற்றையும் அவரிடம்தான் கேட்டேன். கேட்டதும் திகைத்துப் போனேன். வெள்ளைக்காரன் இதை மலேயாவில் மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளவில்லையாம். அதற்கு முன்பே போர்ச்சுக்கீசியர் இதே மலபார்க் கரையில் சிலரை 'அமோக்கோ' என்று எழுதிவைத்திருக்கிறார்களாம். ராஜா போரில் செத்தால், அவர் சோற்றைத் தின்ற வீரர்கள் தலைமயிரை மழித்துக்கொண்டு, கொன்றவன் ஊருக்குள் புகுந்து, சாகிறவரை வெட்டுவார்கள். மலையாளத்தில் அவர்களுக்குச் சாவேறு என்று பெயர். "அவங்களுக்குப் பைத்தியமா சார்?" என்று கேட்டேன். "சேச்சே, சபதம் ஆக்கும்" என்றார். பிறகு அந்தச் சொல் கப்பலேறி இங்கிலாந்து போனது. அங்கே அதை 'எ மக்' என்று இரண்டு சொல்லாகப் பிரித்து எழுதினவர்களும் உண்டாம். காரணம் விழுந்துபோய் வெறி மட்டும் மிஞ்சியது. இன்று யானை மிரண்டாலும் அமோக், பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூச்சல் போட்டாலும் அமோக், விலைவாசி ஏறினாலும் அமோக் என்று பேப்பர்க்காரன் எழுதுகிறான்.

யோசித்துப் பார்த்தால் அந்தச் சொல் எல்லோருக்கும் வசதியாக இருந்தது. சுமட்டுச் சங்கத்துக்கு வசதி. பைத்தியம் குத்தியது என்றால் வத்தலைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். அண்ணாச்சிக்கு வசதி, "நனையுதுடா" என்று கத்தியது யார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். "யம்மா, கண்ணு செவந்து ஓடுனான், அம்புட்டுதான். நீ பாத்தது அம்புட்டுதான். நாம இந்தத் தெருவுல பொழைக்கணும்ல" என்றார் என்னிடம். என் வீட்டுக்காரரும், "பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரத்துல ஏறித்தான் ஆகணும், இந்த ஊருக்கு வந்தாச்சு, வாயை மூடிக்கோ" என்றார். வக்கீல் கேட்டதும் அதுவேதான். கண் சிவந்திருந்தது என்று சொல்லவேண்டும், உங்களையே அவனுக்கு அடையாளம் தெரியவில்லை என்று சொல்லவேண்டும். அந்த ஒரு பொய்யில் அவன் உயிர் தப்பும். "கொஞ்சம் தள்ளிக்குங்க" என்று அவன் சொன்னதைச் சொன்னால் கேஸ் போச்சு. ஆளைத் தெரிந்து, தள்ளச் சொல்லிவிட்டுப் போய்க் குத்தியவன் பைத்தியம் இல்லையே. தூக்கா, ஆயுளா என்பது அப்புறம் நீதிபதி கையில்.

அவன் உயிரைக் காப்பாற்றத்தான் நான் தயாராகிக்கொண்டிருந்தேன். பொய் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை. எர்ணாகுளம் கோர்ட்டு வராந்தாவில் விலங்கோடு உட்கார்ந்திருந்த மாரியப்பனைப் பார்த்தேன். வலது கண்ணில் வெள்ளை விழுந்திருந்தது. "அக்கா, வக்கீலையா சொன்னாரு. பைத்தியம்னு மட்டும் சொல்லிராதீங்க" என்றான். "ஏன்டா, உசிரு பெருசில்லையா?" என்று சீறினேன். "தங்கச்சிக்குப் பேசி முடிச்சிருக்குக்கா. கொலைகாரன் வீட்டுல பொண்ணு எடுப்பான், அண்ணங்காரன் ரோஷக்காரன்னு சொல்லிக்கிடுவான். பைத்தியக்கார வீட்டுல எடுக்கமாட்டான்." கொஞ்சம் நிறுத்தி, "அதுவும் போக, நான் சும்மாவாக்கா குத்துனேன்? கண்ணுல தேச்சது யாருக்குமே தெரியாமப் போயிருமாக்கா?" என்றான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கூண்டில் ஏறினேன். வக்கீல் எழுந்து, "கண் எப்படி இருந்தது?" என்று கேட்டார். "சிவந்திருந்தது" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "ஏன்னா வத்தலைக் கசக்கித் தேய்ச்சிருந்தாங்க" என்றேன். கோர்ட்டில் ஒரே சலசலப்பு. அவர் என்னைத் தடுப்பதற்குள், அண்ணாச்சி கத்தியதிலிருந்து தள்ளிக்குங்க வரை, என் அரைகுறை மலையாளத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். சங்கத்தின் ஆட்கள் பின்வரிசையில் எழுந்து நின்று என்னை முறைத்தார்கள். அன்று சாயங்காலம் என் வீட்டு ஓட்டில் கல் விழுந்தது. மறுநாள் அண்ணாச்சி வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லியனுப்பினார். நான் சொன்னது பொய் என்று சங்கத்தார் சாதித்திருந்தால் என் ஒருத்தி பேச்சு எடுபட்டிருக்காது. மாரியப்பன் தொங்கியிருப்பான், நானே கயிறு எடுத்துக் கொடுத்தவளாக இருந்திருப்பேன்.

அடுத்து மொய்து இக்கா. ஒரு கை செத்துத் தொங்க, கூண்டில் ஏறினார். வத்தல் தேய்க்கவே இல்லை என்று சொல்லப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். குத்தினவன் பிராந்தன்தானே என்று வக்கீல் கடைசி முயற்சியாகக் கேட்டார். இக்கா மாரியப்பனின் வெள்ளை விழுந்த கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "பிராந்தன் குத்தியதல்ல. ஞங்ஙள் முளகு தேச்சு. அவன் குத்தி." அந்தோணி தன்னோடு ஒரே கலத்தில் கஞ்சி குடித்தவன் என்றும், ஏதோ வெறிநாய் கடித்துச் செத்தான் என்று அவன் பிள்ளைகள் தலைகுனிய வேண்டாம் என்றும் சொன்னார். தெருவுக்காக அடித்தோம், அவனுக்கும் காரணம் இருந்தது, அவனும் அடித்தான் என்றார். அதோடு இறங்கிப் போய்விட்டார். எதிராளிக்குக் காரணம் உண்டு என்று சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! என் பெட்டியைப் பிடுங்கிய அதே ஆள். சங்கத்தில் வெகுநாள் அவரோடு யாரும் பேசவில்லை.

தாங்கமுடியாத கொடுமையால் எழுந்த ஆத்திரம் என்று தீர்ப்பானது. தூக்கும் இல்லை, ஆயுளும் இல்லை. சில வருஷச் சிறை. பேப்பரில் அதற்கும் சின்னச் செய்தி வந்தது. அதிலும் 'அமோக் வழக்கு' என்றே போட்டிருந்தார்கள். ஒருமுறை ஒட்டிய சொல்லைப் பிய்த்தெடுக்க முடிவதில்லை. பிறகு எனக்கு ஒரு வக்கீல் ஆபீஸில் டைப் வேலை கிடைத்தது. நாங்கள் இந்த ஊரைவிட்டுப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள். அந்தக் கோர்ட்டில் உண்மை பேசிய இரண்டாவது ஆள் இந்தத் தெருக்காரர் என்பதை நான் எப்படி அவர்களுக்கு விளக்குவேன்? இப்போது மொய்து இக்கா தெருமுனையில் சாயாக்கடை வைத்திருக்கிறார். என்னைக் கண்டால் ஒற்றைக் கையால் தலையைத் தொட்டுக்கொள்வார். பேசிக்கொள்வதில்லை. மழையில் மூட்டை நனைந்தால் நான் ஜன்னலில் நின்று பார்ப்பேன். கை துறுதுறுக்கும். சேலை முந்தானைக்குள் கையைச் சுருட்டிக்கொள்வேன்.

போன மாதம் அம்மாவைப் பார்க்க விருதுநகர் போயிருந்தேன். கடைத்தெருவில் நடக்கும்போது கோடைமழை பிடித்துக்கொண்டது. ஒரு லாரி வத்தலோடு நின்றது. "ஏலே, நனையுதுடா!" என்று எவனோ கத்தினான். தெருவே ஓடிவந்தது. நகைக்கடைக்காரர் சட்டையோடு வந்து மூட்டையைப் பிடித்தார். நான் லாரிக்குப் பக்கத்தில் நின்றேன். என் இரண்டு கையும் தொடையோடு ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றன. யாருடைய தெரு, யாருடைய மூட்டை, தொடலாமா என்று உள்ளே ஒரு பயம். "மலையாளத்துக்காரி, வேடிக்கை பாக்கா பாரு" என்று ஒருத்தி சொல்லிவிட்டுப் போனாள். மூட்டையைச் சுமந்தபடி குனிந்து ஓர் ஆள் என்னை நோக்கி வந்தான். வலது கண்ணில் வெள்ளை. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. முதுகில் அவ்வளவு பாரம். நானும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. முன்னால் வழி மறித்துக்கொண்டு நிற்கிற சேலையை மட்டும் பார்த்துச் சொன்னான்.

"அக்கா, கொஞ்சம் தள்ளிக்குங்க."

தள்ளிக்கொண்டேன். கடைக்குள்ளும் போகவில்லை, தெருவுக்கும் இறங்கவில்லை. இறவாரத்தின் அடியில், பாதி உடம்பு நனைய, மழை விடும்வரை அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.